இரண்டாம் தடவை சொல்லும்போது

எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் 24ஆம் அதிகாரம் வருகிற ராத்திரி பிள்ளைகளுக்கெல்லாம் சோதனை ராத்திரி. ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம் என்பது தாத்தா வைத்த சட்டம். இந்த அதிகாரத்திலோ 67 வசனம், ஆதியாகமத்திலேயே இதுதான் நீளம், அடுப்படியில் சோறு ஆறிக்கொண்டிருக்கும். நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், சொன்னதையே திரும்பச் சொல்வதைத்தான் பொறுக்க முடியாது. ஆபிரகாம் தன் மகன் ஈசாக்குக்குப் பெண் பார்க்க வீட்டின் மூத்த வேலைக்காரனைச் சொந்த ஊருக்கு அனுப்புவார். அவன் பத்து ஒட்டகங்களோடு போய், ஊருக்கு வெளியே கிணற்றடியில் நின்று, எனக்கும் தண்ணீர் தந்து ஒட்டகங்களுக்கும் வார்க்கிறேன் என்று தானாகச் சொல்கிற பெண் எவளோ அவளே எங்கள் சின்ன எஜமானுக்கு என்று ஜெபம் பண்ணுவான். ஜெபம் முடிவதற்குள் ரெபெக்காள் குடத்தோடு வந்துவிடுவாள், கேட்டது கேட்டபடி நடக்கும். அப்பாடா என்று நிமிரும்போது அந்த ஆள் பெண்வீட்டில் உட்கார்ந்து, வைத்த சாப்பாட்டையும் தொடாமல், எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிப்பான். ஆபிரகாம் சொன்னது, கிணறு, ஜெபம், குடம், ஒட்டகம், அத்தனையும் மறுபடி.

“தாத்தா, இத இப்பதான படிச்சீங்க” என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “எழுதியிருக்குல்லா? எழுதியிருந்தா படிக்கணும்லா” என்றார். அதற்கு மேல் பேச்சில்லை.

தாத்தா போய்ப் பல வருஷம் கழித்து, எபிரேய எழுத்துகளைத் தட்டுத்தடுமாறிப் பழகிக்கொண்டு, அகராதியைப் பக்கத்தில் வைத்து அதே அதிகாரத்தைப் படித்தேன். அந்த வேலைக்காரன் நடந்ததை அப்படியே திரும்பச் சொல்லவே இல்லை! அங்கங்கே மாற்றுகிறான், அதுவும் எவ்வளவு சாமர்த்தியமாக. நடந்தபோது, ஒட்டகங்கள் குடித்து முடித்ததும் அவன் முதலில் அரைச் சேக்கல் எடையில் பொன் மூக்குவளையத்தையும் பத்துச் சேக்கல் எடையில் இரண்டு கடகங்களையும் எடுக்கிறான், அப்புறம்தான் “நீ யாருடைய மகள்” என்று கேட்கிறான். பெண்வீட்டாரிடம் சொல்லும்போது வரிசை தலைகீழ்: முதலில் யார் மகள் என்று கேட்டேன், இன்னார் மகள் என்றாள், அதற்குப் பிறகே நகையைப் போட்டேன். பின்னே, குலம் கோத்திரம் விசாரிக்காமலே நகையை எடுத்தேன் என்று சம்பந்தம் பேச வந்த இடத்தில் சொல்ல முடியுமா? அதே போல ஆபிரகாம் “என் தகப்பன் வீட்டிலிருந்தும் பிறந்த மண்ணிலிருந்தும் என்னைக் கடவுள் பிரித்துக் கொண்டுவந்தார், என் மகனை அங்கே திரும்பக் கூட்டிப்போகாதே” என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்தத் தகப்பன் வீட்டாரின் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பவன் அதைச் சுத்தமாக முழுங்கிவிடுகிறான். “என் தேசத்துக்கும் நான் பிறந்த இடத்துக்கும் போ” என்று ஆபிரகாம் சொன்னது இவன் வாயில் “என் தகப்பன் வீட்டுக்கும் என் வம்சத்தாரிடமும் போ” என்று நெருங்கிய உறவாகிவிடுகிறது. கைதேர்ந்த கல்யாணத் தரகன்.

இதில் எந்த இடத்திலும் கதை சொல்கிறவர் “இந்த வேலைக்காரன் புத்திசாலி” என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. இரண்டு தடவை சொல்லி நம் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுகிறார், ஒப்பிட்டுப் பார்ப்பது நம் பாடு. பெண்ணின் அண்ணன் லாபானுக்கும் இதே மரியாதைதான். தங்கையின் மூக்குவளையத்தையும் கைக் கடகங்களையும் அவன் *பார்த்தபோது*, என்று ஒரு சின்னக் குறிப்பு. அடுத்து அவன் கிணற்றடிக்கு ஓடிப்போய், கர்த்தரால் ஆசீர்வதிக்கப்பட்டவரே உள்ளே வாரும், ஏன் வெளியே நிற்கிறீர் என்று உபசாரம் செய்கிறான். அவன் ஆசைக்காரன் என்று யாரும் சொல்லவில்லை. கண் எங்கே போனது என்று மட்டும் சொல்லியாயிற்று, போதும். இதே லாபான்தான் ஒரு தலைமுறை கழித்து மருமகனை இருபது வருஷம் வேலை வாங்கி ஏமாற்றப்போகிறவன்.

பழைய ஏற்பாட்டுக் கதைகளின் பெரிய விசித்திரமே இந்தக் கஞ்சத்தனம். ஆபிரகாம் உயரமா குள்ளமா, மோசேயின் குரல் எப்படி, எதுவும் தெரியாது. முகம், உடம்பு பற்றி ஏதாவது சொன்னால் பெரும்பாலும் அதற்குப் பின்னால் ஒரு காரியம் இருக்கிறது என்று அர்த்தம். ஏசாவின் உடம்பு ரோமம், ஏனென்றால் தம்பி யாக்கோபு ஆட்டுத்தோலைக் கட்டிக்கொண்டு ஏசா மாதிரி நடித்துத் தகப்பனை ஏமாற்றப்போகிறான். தாவீது ராஜாவின் மகன் அப்சலோமின் தலைமயிர் வெட்டினால் 200 சேக்கல் எடை, ஏனென்றால் தலை மரத்தில் மாட்டித்தான் சாகப்போகிறான். நியாயாதிபதிகள் புத்தகத்தில் எக்லோன் என்ற ராஜா பெருத்த உடம்புக்காரன் என்று வந்தால், குத்துகிற கத்தி பிடியோடு உள்ளே போய் மறையப்போகிறது. குத்துகிற ஏகூத் இடதுகைப் பழக்கக்காரன், அவன் கோத்திரம் பென்யமீன், அந்தப் பெயருக்கு அர்த்தமோ ‘வலதுகையின் மகன்’. எழுதியவர் சிரிக்காமல் எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த மௌனத்தைப் பற்றி மிகவும் பேசப்பட்ட கட்டுரையை எழுதியவர் எரிக் அவுர்பாக் என்ற ஜெர்மன் யூதப் பேராசிரியர். நாஜிகள் 1935இல் அவரை மார்புர்க் பல்கலைக்கழக வேலையிலிருந்து நீக்கினார்கள், அடுத்த வருஷம் இஸ்தான்புல்லுக்குப் போனார், யுத்த காலத்தில் அங்கே உட்கார்ந்துதான் எழுதினார். கிரேக்கக் கவி ஹோமர் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைத்துக் காட்டுகிறார், தன் காவிய நாயகன் ஒடிஸியஸின் கால் தழும்புக்குக்கூட முழுக் கதை சொல்கிறார். ஆபிரகாம் மகனைப் பலிகொடுக்கப் போகிற கதையிலோ மூன்று நாள் பயணத்தில் ஒரு பேச்சு கிடையாது, எல்லாம் இருட்டில் பின்னால் நிற்கிறது. இது அவர் வாதம், நல்ல வாதம். ஆனால் இருட்டு என்று நிறுத்திக்கொண்டால் அந்த இருட்டில் வழி கண்டுபிடிக்க எழுதியவர்கள் விட்டுவைத்த கைப்பிடிகளைப் பார்க்காமல் போய்விடுவோம். திரும்பத் திரும்ப வருவதுதான் அந்தக் கைப்பிடி. ஒரே வார்த்தை, ஒரே காட்சி, ஒரே பேச்சு இரண்டாம் தடவை வருகிறதென்றால், எது மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

யோசேப்பின் கதையில் இது கூர்மையாக இருக்கிறது. எகிப்தில் யோசேப்பை அடிமையாக வாங்கிய போத்திபாரின் மனைவி அவனைப் படுக்கைக்கு அழைக்கிறாள், அவன் மறுக்கிறான், அவள் அங்கியைப் பிடித்துக்கொள்கிறாள், அவன் அங்கியை *அவள் கையிலே* விட்டுவிட்டு ஓடுகிறான். இது நடந்தது. அவள் கூப்பாடு போட்டு வேலைக்காரர்களிடம் சொல்லும்போது அங்கியை *என் பக்கத்திலே* விட்டுவிட்டு ஓடினான் என்கிறாள். கையில் இருந்தால் பிடித்து இழுத்தவள் அவள், பக்கத்தில் கிடந்தால் கழற்றி வைத்தவன் அவன். ஒரே ஒரு சொல், ஒரு ஆளின் ஜாதகமே மாறிவிடுகிறது. இன்னொன்றும் இருக்கிறது. வேலைக்காரர்களிடம் பேசும்போது “ஒரு எபிரேய மனுஷனை நம்மிடத்தில் கொண்டுவந்தாரே” என்று அவர்களையும் தன் பக்கம் சேர்த்துக்கொள்கிறாள். அடிமைகளிடம் போய் ‘அடிமை’ என்று சொன்னால் எடுபடாது என்று அவளுக்குத் தெரியும். புருஷன் வந்ததும் அதே ஆள் “நீர் கொண்டுவந்த எபிரேய அடிமை” ஆகிவிடுகிறான். புருஷனுக்குக் கோபம் மூண்டது என்று வசனம் சொல்கிறது. யார்மேல் என்று சொல்லவில்லை.

சரி, இது ஒரு கதைக்குள் நடக்கிற திருப்பிச்சொல்லல். கதைக்குக் கதை நடப்பது ஒன்று இருக்கிறது, அது கிணற்றடி. அயலூருக்கு ஓர் ஆண் போகிறான், கிணற்றடியில் ஒரு பெண்ணோ பெண்களோ வருகிறார்கள், தண்ணீர் சேந்தப்படுகிறது, பெண் வீட்டுக்கு ஓடிச் செய்தி சொல்கிறாள், விருந்தாளிக்குச் சாப்பாடு, கல்யாணம். ரெபெக்காளுக்கு இப்படி, அவள் மகன் யாக்கோபுக்கு இப்படி, யாத்திராகமத்தில் மோசேக்கும் இப்படித்தான். இதைப் பார்த்துவிட்டு, ஒரே கதை வேறு வேறு கைகளில் மூன்றாகிவிட்டது என்று சொல்வது பழைய அறிஞர்களின் வழக்கம். ஜெர்மனியில் யூலியஸ் வெல்ஹவுசன் 1878இல் எழுதியதிலிருந்து பைபிளின் முதல் ஐந்து புத்தகங்களான ஐந்து ஆகமங்களை நான்கு மூல ஏடுகளாகப் பிரிப்பது பெரிய தொழிலாகவே நடந்தது. ஒரு சங்கதி இரண்டு தடவை வந்தால் இரண்டு ஏடு, தையல் தெரிகிறது பார். எபிரேய, ஆங்கில இலக்கியம் படித்த ராபர்ட் ஆல்ட்டர் என்ற அமெரிக்கர் 1981இல் வேறு மாதிரி சொன்னார்: இது கேட்பவருக்கும் சொல்பவருக்கும் முன்பே தெரிந்த காட்சி வகை, கிணறு என்றதும் கேட்பவன் கல்யாணத்தை எதிர்பார்ப்பான், அந்த எதிர்பார்ப்பை வைத்துச் சொல்பவர் விளையாடுகிறார். அகப்பாடல் படித்த நமக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம். தோழி வாயில் மறுக்கிறாள் என்று துறை தெரிந்துவிட்டால், இந்தத் தோழி எப்படி மறுக்கிறாள் என்பதில்தானே பாட்டு இருக்கிறது.

விளையாட்டைப் பாருங்கள். ஈசாக்கின் கிணற்றடிக் காட்சியில் ஈசாக்கே இல்லை. மாப்பிள்ளைக்குப் பதில் வேலைக்காரன், தண்ணீர் சேந்துவதும் பெண். ஓடினாள், வார்த்தாள், மறுபடி ஓடினாள், சேந்தினாள் என்று வினைச்சொற்கள் முழுவதும் ரெபெக்காளுடையவை. தாகத்தோடு இருக்கிற ஒட்டகம் ஒரே இருப்பில் நூறு லிட்டர் வரை குடிக்கக்கூடியது, பத்து ஒட்டகத்துக்குக் குடத்தால் வார்த்திருக்கிறாள். பின்னாளில் கண் மங்கிய புருஷனை ஏமாற்றி, எந்த மகனுக்கு ஆசீர்வாதம் போக வேண்டும் என்று முடிவெடுக்கப்போகிறவளும் அவள்தான். யாக்கோபு வரும்போது ஒட்டகமும் இல்லை, நகையும் இல்லை, வீட்டைவிட்டு ஓடிவந்தவன். அவன் கிணற்றின் வாயில் ஒரு பெரிய கல் கிடக்கிறது. ராகேலைப் பார்த்ததும் மேய்ப்பர்கள் கூடிப் புரட்டுகிற கல்லைத் தனி ஆளாகப் புரட்டுகிறான், முத்தமிட்டு, சத்தமிட்டு அழுகிறான். அவன் வாழ்க்கையே அப்படித்தான், எதுவும் சும்மா கிடைக்காது, மல்லுக்கட்டித்தான் வாங்க வேண்டும். மோசேயின் காட்சி நாலைந்து வசனம்தான். மீதியான் ஆசாரியனின் ஏழு பெண்கள், அவர்களை விரட்டுகிற மேய்ப்பர்கள், இவன் எழுந்து காப்பாற்றுகிறான். காதல் கீதல் ஒன்றும் கிடையாது. பெரிய விடுதலைக்கு முன்னால் ஒரு சின்ன விடுதலை.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது நடக்காமல் போகிற கிணற்றடி. 1 சாமுவேல் 9இல் சவுல், அழகன், எல்லாரையும்விடத் தோளுக்குமேல் உயரமானவன், காணாமல்போன கழுதைகளைத் தேடி அயலூர் வருகிறான். தண்ணீர் எடுக்க வருகிற பெண்கள் எதிர்ப்படுகிறார்கள். கேட்பவன் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான், ஆகா. சவுல் அவர்களிடம் தீர்க்கதரிசி எங்கே என்று வழி கேட்கிறான். அவர்கள் மூச்சுவிடாமல் வழி சொல்கிறார்கள். அவன் போய்விடுகிறான். அவ்வளவுதான். தொடங்கியது எதுவும் கைகூடாமல் முடியப்போகிற ஒரு ராஜாவை இப்படி அறிமுகம் செய்திருக்கிறார்கள். ரூத்தின் கதையில் இது வேறு விதமாகத் திரும்புகிறது, அயலூருக்கு வருவது பெண், தண்ணீர் மொண்டு வைத்திருப்பது வேலைக்கார ஆண்கள்.

எல்லாத் திரும்பலிலும் கலை இருக்கிறது என்று சாதிக்க நான் வரவில்லை. 1 சாமுவேல் 16இல் தாவீது சவுலின் அரண்மனையில் சுரமண்டலம் வாசிக்கிறவன், ராஜாவுக்கு ரொம்பப் பிரியமானவன். அடுத்த அதிகாரத்தில் கோலியாத்தை அடித்துவிட்டு வரும்போது “இந்தப் பிள்ளையாண்டான் யாருடைய மகன்” என்று அதே சவுல் கேட்கிறார். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் வத்திக்கான் பிரதியில் அந்தக் கேள்வி வருகிற பகுதியே இல்லை. இது தையல்தான். தையலும் இருக்கிறது, பூவேலையும் இருக்கிறது, சேலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும்.

பூவேலைக்கு ஒரு சாட்சி. யோசேப்பை விற்றுப்போட்ட அண்ணன்மார் அவன் அங்கியை ஆட்டு ரத்தத்தில் தோய்த்துத் தகப்பன் யாக்கோபிடம் கொடுத்தனுப்பி, “அடையாளம் பாரும்” என்கிறார்கள். எபிரேயத்தில் *ஹக்கெர்-நா*. அவர் அடையாளம் கண்டுகொள்கிறார். அடுத்த அதிகாரம் திடீரென்று யோசேப்பை விட்டுவிட்டு, அவனை விற்கலாம் என்று யோசனை சொன்ன யூதாவின் வீட்டுக்குள் போகிறது. யூதா தன் விதவை மருமகள் தாமாருக்கு வழக்கப்படி இளைய மகனைக் கட்டிவைக்காமல் இழுத்தடிக்க, அவள் முக்காடு போட்டு வழியில் உட்கார, வேசி என்று நினைத்து அவளிடம் போய், கூலியாக ஓர் ஆட்டுக்குட்டி அனுப்புகிறேன் என்று முத்திரையையும் கோலையும் அடகு வைக்கிறான். அவள் கர்ப்பம் என்று தெரிந்ததும் எரித்துவிடச் சொல்கிறான். அவள் அடகுப் பொருள்களை அனுப்பிச் சொல்கிற வார்த்தை, ஹக்கெர்-நா. அடையாளம் பாரும். யூதா அடையாளம் கண்டுகொண்டு, “என்னைவிட அவள் நீதியுள்ளவள்” என்கிறான். அங்கே ஆடு, இங்கே ஆடு, அங்கே துணி, இங்கே முக்காடு. இது நவீன விமர்சகர்களின் கண்டுபிடிப்பும் இல்லை. கி.பி. 5ஆம் நூற்றாண்டு வாக்கில் தொகுக்கப்பட்ட ஆதியாகம மித்ராஷ் உரையிலேயே யூத ரபிகள் சொல்லிவிட்டார்கள்: நீ உன் தகப்பனிடம் ஹக்கெர்-நா என்றாய், தாமார் உன்னிடம் ஹக்கெர்-நா என்பாள். அந்தத் தகப்பனும் லேசுப்பட்டவர் இல்லை, இளமையில் ஆட்டுத்தோலைக் கட்டிக்கொண்டு தன் தகப்பனை ஏமாற்றியவர். அங்கேயும் ஈசாக்கு அவரை *அடையாளம் காணவில்லை* என்று அதே வேர்ச்சொல்தான்.

இந்த மாதிரிச் சொல்லை மொழிபெயர்ப்பில் காப்பாற்றுவது கஷ்டம். மார்ட்டின் பூபரும் ஃப்ரான்ஸ் ரோசன்ஸ்வைக்கும் 1925இல் ஜெர்மனில் பைபிளை மறுபடி மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது இதையே கொள்கையாக வைத்துக்கொண்டார்கள், எபிரேயத்தில் ஒரே வேர் வந்தால் ஜெர்மனிலும் ஒரே வேர். ரோசன்ஸ்வைக் 1929இல் இறந்துபோனார், பூபர் தனியாகத் தொடர்ந்து 1961இல் முடித்தார். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்புக்கு, ஹென்றி பவர் தலைமையில் திருத்தி 1871இல் வந்ததைச் சொல்கிறேன், அப்படிக் கொள்கை கிடையாது. அதற்கு வேறு ஒரு பலம் இருக்கிறது, வினையெச்சம். ஏசா பசியோடு வந்து தன் தலைமகன் உரிமையைத் தம்பிக்கு விற்ற பிறகு, “அவன் புசித்துக் குடித்து எழுந்திருந்து போய்விட்டான்” என்று தமிழில் ஒரே மூச்சில் வருகிறது. எபிரேயம் இப்படி வழுக்கிக்கொண்டு போகாது. தின்றான். குடித்தான். எழுந்தான். போனான். இகழ்ந்தான். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் ‘உம்’ ஒட்டிக்கொண்டு, ஐந்து அடி அடித்த மாதிரி. தமிழில் ஏசா யோசனையில்லாத பயலாகத் தெரிகிறான், எபிரேயத்தில் மாடு மாதிரித் தெரிகிறான். இரண்டுமே எனக்கு வேண்டும்.

இப்போது தாவீது. 2 சாமுவேல் 11, மொத்தம் 27 வசனம், இதைவிட நெருக்கமாக நெய்த ஒரு சிறுகதையை நான் எந்த மொழியிலும் படித்ததில்லை. ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படுகிற காலத்திலே தாவீது சேனாபதி யோவாபையும் சேனையையும் அனுப்பினான், தாவீதோ எருசலேமில் இருந்துவிட்டான். முதல் வசனத்திலேயே ஊசி ஏறிவிட்டது. ‘அனுப்பினான்’ என்ற வினை இந்த அதிகாரத்தில் எபிரேயத்தில் 12 தடவை வருகிறது. மாடியில் உலாவும்போது குளிக்கிற பெண்ணைப் பார்த்து, அனுப்பி விசாரிக்கிறான். உரியாவின் மனைவி பத்சேபாள் என்று பதில் வருகிறது. அனுப்பி அவளை வரவழைக்கிறான். அவள் போனபின் அவள் ஆள் அனுப்புகிறாள். அவள் இந்த அதிகாரம் முழுவதிலும் பேசுவது எபிரேயத்தில் இரண்டே சொல்: கர்ப்பமாயிருக்கிறேன் நான். உடனே தாவீது யோவாபுக்கு அனுப்புகிறான், உரியாவை அனுப்பு என்று. யோவாப் உரியாவை அனுப்புகிறான். ஒரே வசனத்தில் மூன்று அனுப்பு. அரண்மனையில் உட்கார்ந்த இடத்தில் விரலை அசைத்து ஆட்களை நகர்த்துகிறவன் ராஜா.

உரியா வந்து நிற்கிறான். யோவாபின் *ஷாலோம்* எப்படி, ஜனங்களின் ஷாலோம் எப்படி, யுத்தத்தின் ஷாலோம் எப்படி என்று தாவீது கேட்கிறான். யுத்தத்துக்கு என்ன சமாதானம்? பதில் என்ன வந்தது என்றுகூட எழுதவில்லை, அவனுக்கு அது வேண்டியதில்லையே. வீட்டுக்குப் போய்க் கால் கழுவு என்கிறான். உரியா போகவில்லை, அரண்மனை வாசலில் படுத்துக்கொள்கிறான். ஏன் போகவில்லை என்று கேட்டால், உடன்படிக்கைப் பெட்டியும் சேனையும் கூடாரத்தில் இருக்கும்போது, என் ஆண்டவனான யோவாப் வெளியில் பாளயமிறங்கியிருக்கும்போது, நான் வீட்டுக்குப் போய்ப் புசித்து, குடித்து, என் மனைவியோடே படுத்துக்கொள்வேனா என்கிறான். கவனியுங்கள், தாவீது சொன்னது கால் கழுவத்தான். மனைவி பேச்சை எடுத்தது உரியா. அவனுக்கு விஷயம் தெரியுமா? வெள்ளந்தியான சிப்பாயா, எல்லாம் தெரிந்து ராஜாவின் முகத்துக்கு நேரே குத்துகிறவனா? இரண்டு விதமாகவும் அதிகாரம் முழுவதையும் படிக்கலாம், இரண்டுக்கும் இடம் வைத்து எழுதியிருக்கிறது. நான் ஒரு காலத்தில் முதல் கட்சி. இப்போது இரண்டாம் கட்சி, ஆனாலும் அவன் தன்னைக் கொல்லச் சொல்லித் தாவீது யோவாபுக்கு எழுதிய கடிதத்தைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்டு போகிற இடம் வரும்போது மறுபடி ஆட்டம் கண்டுவிடுகிறது.

அவன் சாகிறான். யோவாப் செய்தி அனுப்புகிறான். தாவீது தூதனிடம் சொல்லி அனுப்புகிற ஆறுதல் இது: *இந்தக் காரியம் உன் கண்ணுக்குப் பொல்லாததாய்த் தோன்ற வேண்டாம்*, பட்டயம் ஒருவேளை ஒருவனையும் ஒருவேளை வேறொருவனையும் பட்சிக்கும் என்று யோவாபுக்குச் சொல். அப்புறம் துக்க நாள் முடிந்ததும் அனுப்பி அவளைச் சேர்த்துக்கொள்கிறான், பிள்ளை பிறக்கிறது. இவ்வளவு நேரம் கதை சொல்கிறவர் வாயே திறக்கவில்லை, நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை. கடைசி வரியில் திறக்கிறார். தாவீது செய்த காரியம் கர்த்தரின் கண்ணுக்குப் பொல்லாததாய்த் தோன்றிற்று. யோவாபுக்குச் சொன்ன அதே வார்த்தைகள், கண் மட்டும் வேறு.

அடுத்த அதிகாரத்தின் முதல் வார்த்தைகள்: கர்த்தர் நாத்தானைத் தாவீதிடம் *அனுப்பினார்*. எத்தனை அனுப்பினாய் நீ, இப்போது நான் ஒன்று அனுப்புகிறேன். தீர்க்கதரிசியான நாத்தான் சொல்கிற ஆட்டுக்குட்டிக் கதை எல்லாருக்கும் தெரியும், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியை ஒரு பணக்காரன் பிடுங்கிக்கொள்கிறான். அந்தக் குட்டி ஏழையின் அப்பத்தைத் *தின்று*, அவன் பாத்திரத்தில் *குடித்து*, அவன் மடியில் *படுத்து*, அவனுக்கு மகள் மாதிரி இருந்தது என்கிறார். உரியா மாட்டேன் என்று சொன்ன அந்த மூன்றும். மகள் என்பதற்கு எபிரேயம் *பத்*, பத்சேபாள் பெயரில் இருக்கிற பத். தாவீதுக்கு எதுவும் உறைக்கவில்லை, அந்தப் பணக்காரன் சாக வேண்டியவன் என்று கொதிக்கிறான். “நீயே அந்த மனுஷன்.” எபிரேயத்தில் இதுவும் இரண்டே சொல். பத்சேபாள் சொன்னது இரண்டு சொல், நாத்தான் சொன்னது இரண்டு சொல், நடுவில் ராஜா பேசிய பேச்செல்லாம் காற்றோடு போயிற்று.

இன்னொரு பெண்ணையும் சொல்லிவிடுகிறேன். தாவீதின் மனைவி மீகாளைப் பற்றி ஒரு பிரசங்கம் கேட்டேன், பிரசங்கியார் பெயர் வேண்டாம். புருஷனை அவமதித்ததால் கடவுள் அவள் கர்ப்பத்தை அடைத்தார், ஆகவே சகோதரிகளே, என்று போனது. வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். சவுலின் மகள் மீகாள் தாவீதை நேசித்தாள் என்று வருகிறது. எபிரேயக் கதைகளில் ஒரு பெண் ஓர் ஆணை நேசித்தாள் என்று சொல்லியிருக்கிற இடம் இது ஒன்றுதான். தாவீது அவளை நேசித்தானா என்று எங்கும் இல்லை, ராஜாவுக்கு மருமகனாவது அவன் கண்ணுக்குச் சரியென்று பட்டது என்று இருக்கிறது. சவுல் அவனைக் கொல்ல ஆள் விட்டபோது *தாவீதின் மனைவி* மீகாள் அவனை ஜன்னல் வழியாக இறக்கித் தப்பிக்கவிட்டாள். அவன் போய்விட்டான். சவுல் அவளைப் பல்த்தி என்பவனுக்குக் கொடுத்துவிட்டான். வருஷங்கள் கழித்துத் தாவீது ராஜ்யத்துக்காகப் பேரம் பேசும்போது, சவுலின் சேனாபதியாயிருந்த அப்னேரிடம் முதல் நிபந்தனையாக அவளைக் கேட்கிறான். பின்னால் அவன் உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னால் நடனமாடி வரும்போது அவள் மறுபடி ஒரு ஜன்னலில் நிற்கிறாள், இப்போது அவள் *சவுலின் மகள்* மீகாள், தன் இருதயத்தில் அவனை அவமதிக்கிறாள். வாய்ச்சண்டை. கடைசிப் பேச்சு தாவீதுடையது. அதன்பின் ஒரு வசனம்: சவுலின் மகளாகிய மீகாளுக்கு மரணநாள் மட்டும் பிள்ளை இல்லை. கடவுள் அடைத்தாரா, அவன் அவள் அறைக்குப் போகவில்லையா, அவள்தான் கதவைத் திறக்கவில்லையா? எபிரேயத்தில் அந்த வசனத்தின் முன்னால் ஒட்டியிருப்பது வெறும் ‘உம்’. ‘ஆகையால்’ என்று போட்டது மொழிபெயர்ப்பாளர்கள், மிச்சத்தைப் போட்டது பிரசங்கியார்.

அவளைப் பல்த்தியிடமிருந்து பிரித்துக் கொண்டுபோகிற இடத்தை மட்டும் தாத்தா படித்த குரலிலேயே இன்னும் ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அங்கே அவர் கொஞ்சம் நிறுத்தினார். அந்த மனுஷனைப் பற்றி வேறெதுவும் தெரியாது. என்ன வயது, எத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள், எதுவும் இல்லை. மீகாள் அழுதாளா என்றும் இல்லை. அவள் புருஷன் அவளோடே நடந்து, நடந்து அழுதுகொண்டே, பகூரீம் மட்டும் பின்னால் வந்தான். அப்னேர் அவனைப் பார்த்து, போ, திரும்பு என்றான். திரும்பினான்.